உங்கள் ஊர் மருத்துவரின் மருந்துச் சீட்டை நாட்டின் சராசரியோடு ஒப்பிடுவது எப்படி? இராமநாதபுரம் கடலோர மக்களுக்கான முழுமையான வழிகாட்டி

"சாதாரணக் காய்ச்சலுக்குப் போனாலும் ஆறு மாத்திரை எழுதுவார்", "ஊசி போடாமல் அனுப்பமாட்டார்", "அவரிடம் போனால் ஒரே நாளில் எழுந்து நடக்கலாம்" என்று தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள நம் கடலோர ஊர்களில் மருத்துவர்களைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. இந்தப் பேச்சு பெரும்பாலும் கைராசியைப் பற்றியதாகவே நின்றுவிடுகிறது. அந்த மருத்துவர் எழுதுவது நாட்டின் மற்ற இடங்களில் எழுதப்படுவதைவிட அதிகமா, குறைவா, நோய்க்குப் பொருத்தமானதா என்ற கேள்விக்கு எண்களைக் கொண்டு விடை தேட முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் சேர்ந்து கிடக்கும் மருந்துச் சீட்டுகள், ஒரு நோட்டுப் புத்தகம், கொஞ்சம் பொறுமை ஆகியவை இருந்தால் பள்ளிப் படிப்பு முடித்த எவரும் இதைச் செய்யலாம்.

தொடங்குவதற்கு முன் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, இந்த ஒப்பீட்டின் முடிவு எதுவாக இருந்தாலும், தற்போது சாப்பிட்டு வரும் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளையும், வாரக்கணக்கில் எடுத்துவரும் ஸ்டீராய்டு மாத்திரையையும் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இரண்டாவது, மொத்தச் சராசரி ஒன்றை மட்டும் வைத்து ஒரு மருத்துவரை எடைபோடுவது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே நோய்க்கு, ஒரே வயதினருக்கு அவர் என்ன எழுதுகிறார் என்று பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு. கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் அந்த இடத்தை நோக்கியே செல்கின்றன.

முதல் படி: எந்தச் சராசரியோடு ஒப்பிடுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுதல்

அமெரிக்காவில் மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டின் மருந்துத் திட்டத்தில் ஒவ்வொரு மருத்துவரும் எந்த மருந்தை எத்தனை முறை எழுதினார் என்ற விவரத்தை அரசே வெளியிடுகிறது. புரோபப்ளிகா என்ற செய்தி அமைப்பு 2013-ஆம் ஆண்டிலேயே, மருத்துவரின் பெயரைத் தேடி அவரைச் சக மருத்துவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியை மக்களுக்கு உருவாக்கித் தந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு பொது மருத்துவ நிலையமும் எழுதும் மருந்துகளின் கணக்கு மாதந்தோறும் வெளியாகிறது. இந்தியாவில் மருத்துவர் வாரியாக மக்கள் பார்க்கக்கூடிய அத்தகைய தரவு இல்லை. மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் மெடிக்கல் கடைகளில் விசாரித்து, எந்த மருத்துவர் எதை எழுதுகிறார் என்று கணக்கெடுப்பது வழக்கமான தொழில்முறை. மருந்தைச் சாப்பிடும் நோயாளிக்கு மட்டும் அந்தக் கணக்கு எட்டுவதில்லை. இது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கும் விஷயம்.

ஆகவே நமக்குக் கிடைப்பவை நாடு தழுவிய ஆய்வுகளின் எண்கள்தாம். அவற்றில் பயனுள்ள சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் துறையில் 2019-ஆம் ஆண்டு விற்ற ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்றின்படி, 1000 பேருக்கு ஒரு நாளைக்கு 10.4 நாளளவு மருந்து பயன்பட்டது. நாளளவு என்பது வயது வந்த ஒருவர் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளும் வழக்கமான அளவாக உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. தலைக்கு இத்தனை என்று பார்த்தால் இது பல ஐரோப்பிய நாடுகளின் அளவைவிடக் குறைவே. கவலை தருவது மருந்தின் வகை. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று தட்டுகளாகப் பிரித்துள்ளது: முதலில் பயன்படுத்த வேண்டியவை, எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டியவை, கடைசிக் கட்டத்துக்கென ஒதுக்கிவைக்க வேண்டியவை. உலக அளவில் முதல் தட்டு மருந்துகளின் பங்கு 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அந்நிறுவனம் வைத்த இலக்கு, 2024-இல் ஐ.நா. பொதுச்சபை அதை 2030-க்குள் 70 சதவீதம் என்று உயர்த்தியது. மேற்சொன்ன 2019 கணக்கில் இந்தியத் தனியார் துறையில் முதல் தட்டின் பங்கு 27 சதவீதமாகவும், எச்சரிக்கைத் தட்டின் பங்கு 54.9 சதவீதமாகவும் இருந்தன. தனி மருந்தாக அதிகம் விற்றது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை.

அடுத்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஏற்பாட்டில் பெரிய மருத்துவமனைகளில் 4838 மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு. அதில் ஏறத்தாழ 45 சதவீதச் சீட்டுகள் சிகிச்சை வழிகாட்டுதல்களிலிருந்து ஏதோ ஒரு வகையில் விலகியிருந்தன. ஏறத்தாழ பத்தில் ஒரு சீட்டில் அந்த விலகல் ஏற்க முடியாததாக இருந்தது. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22-இல் 20 மருத்துவமனைகளில் நடத்திய கணக்கெடுப்பில் உள்நோயாளிகளில் 71.9 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக் பெற்றுவந்தனர். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு உங்கள் தெரு மருத்துவரோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். அது படுக்கையில் சேர்க்கப்பட்டவர்களின் கணக்கு. புறநோயாளிச் சீட்டோடு அதை வைக்கவே முடியாது.

நமது கணக்குக்கு மிகவும் உதவும் அளவுகோல் வேறொன்று. உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வெளியிட்ட மருந்துச் சீட்டுக் குறியீடுகள் ஐந்து: ஒரு வருகைக்கு எத்தனை மருந்துகள், பொதுப்பெயரில் (நிறுவனம் வைத்த வணிகப் பெயரில் அல்லாமல், மூலப்பொருளின் பெயரில்) எழுதப்பட்டவை எத்தனை சதவீதம், ஆன்டிபயாடிக் உள்ள சீட்டுகள் எத்தனை சதவீதம், ஊசி உள்ள சீட்டுகள் எத்தனை சதவீதம், அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து எழுதப்பட்டவை எத்தனை சதவீதம். ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட உகந்த அளவுகளின்படி ஒரு வருகைக்கு 1.6 முதல் 1.8 மருந்துகள், ஆன்டிபயாடிக் 20 முதல் 26.8 சதவீதம், ஊசி 13.4 முதல் 24.1 சதவீதம், மற்ற இரண்டும் 100 சதவீதம்.

இரண்டாம் படி: சீட்டுகளைச் சேர்த்தல்

ஒரே மருத்துவர், ஒரே பருவம் என்ற இரண்டு வரம்புகளை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது ஒரு வருகை. ஒரு வருகைக்கு ஒரு சீட்டு. ஒரு தனி மருத்துவரை மதிப்பிடக் குறைந்தது 100 வருகைகள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு குடும்பத்தில் அத்தனை சீட்டு இருக்காது. மகளிர் சுயஉதவிக் குழு, மீனவர் சங்கம், ஜமாத், பங்குப் பேரவை போன்ற ஒன்றின் வழியாகச் சேர்த்தால் ஒரு பருவத்துக்குள் எட்டிவிடலாம்.

சீட்டைப் படம் எடுக்கும்போது நோயாளியின் பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். வயது, பாலினம், தேதி, நோய்க்குறிப்பு ஆகியவை போதும். பிறருடைய சீட்டை அவரது ஒப்புதல் இல்லாமல் வாங்கக் கூடாது. குறிப்பாக மனநலம், மகப்பேறு, பால்வினை நோய் தொடர்பான சீட்டுகள் சிறிய ஊரில் ஒருவருடைய வாழ்க்கையையே குலைத்துவிடும்.

நல்ல சீட்டுகளை மட்டுமோ, கோபத்தோடு எடுத்துவைத்த சீட்டுகளை மட்டுமோ சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். எட்டு மருந்து எழுதிய சீட்டைப் பத்திரப்படுத்துவார்கள். "ஒன்றும் வேண்டாம், உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள்" என்று சொல்லி அனுப்பிய வருகைக்குச் சீட்டே இருக்காது. அப்படி மருந்தில்லாமல் திரும்பிய வருகைகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அவை சுழியம் மருந்து என்ற கணக்கில் சேரும்.

சிகிச்சையகத்திலேயே காகித உறையில் பிரித்துக் கொடுக்கப்படும் பெயரில்லாத மாத்திரைகள் தனிச் சிக்கல். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதி உடைத்த சிவப்பு ஒன்று என்று இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. வீக்கமும் வலியும் விரைவில் வடிய ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புள்ள இடமும் இதுதான். உறையின் மேல் மருந்தின் பெயரை எழுதித் தரும்படி கேட்பது நோயாளியின் நியாயமான உரிமை. எழுதித் தர மறுக்கப்பட்டால் அந்த வருகையை நோட்டில் 'பெயர் தெரியாதவை' என்ற தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) பதியுங்கள். அந்தப் பத்தி நீளமாக இருந்தால் அதுவே ஒரு முடிவு.

சீட்டின் தலைப்பில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு எண்ணே இல்லாதவரை எந்தச் சராசரியோடும் ஒப்பிட வேண்டியதில்லை. அவரிடம் போகாமல் இருப்பதே செய்ய வேண்டியது.

மூன்றாம் படி: ஒரு சீட்டைப் பிரித்துப் படித்தல்

எடுத்துக்காட்டுக்காக ஒரு சீட்டை அமைத்துக்கொள்வோம். 34 வயது ஆண், மூன்று நாளாகக் காய்ச்சல், சளி, இருமல். சீட்டில் இருப்பவை: அசித்ரோமைசின் 500, காலையில் ஒன்று, மூன்று நாள், அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை 1-0-1, சளிக்கு மூன்று மருந்து கலந்த மாத்திரை 1-0-1, பேன்டோபிரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த 'கேஸ்' மாத்திரை, சாப்பாட்டுக்கு முன், இருமல் சிரப், வைட்டமின் பி மாத்திரை. இவை தவிர, சிகிச்சையகத்திலேயே இடுப்பில் ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி.

கலவை மாத்திரையை ஒரு மருந்தாகவே எண்ண வேண்டும் என்பது விதி. அப்படி எண்ணினால் ஊசியோடு ஏழு மருந்துகள். உள்ளிருக்கும் மூலப்பொருள்களைத் தனியே எண்ணினால் பத்தைத் தாண்டிவிடும்; அதை ஓரத்தில் குறித்துவைத்தால் பின்னால் பயன்படும். ஆன்டிபயாடிக்: உண்டு, எச்சரிக்கைத் தட்டைச் சேர்ந்தது. ஊசி: உண்டு. வலிநிவாரணி மாத்திரையாகவும் ஊசியாகவும் ஒரே நாளில் இருமுறை வந்திருப்பதைக் கவனியுங்கள். அசிக்ளோஃபெனாக்கும் டைக்ளோஃபெனாக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் சேர்ப்பதால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை கூடுமேயன்றி, அதற்கேற்ற நன்மை கூடாது. அந்தச் சுமையைச் சமாளிக்கவே 'கேஸ்' மாத்திரை எழுதப்பட்டிருக்கலாம். ஒரு மருந்து இன்னொரு மருந்தை இழுத்து வருவது இப்படித்தான்.

வணிகப் பெயரை வைத்து மூலப்பொருளைக் கண்டறிய, மாத்திரை அட்டையின் பின்புறம் வணிகப் பெயருடன் அச்சிடப்பட்டிருக்கும் பொதுப்பெயரைப் படியுங்கள். அட்டையை வெட்டிக் கொடுத்ததால் எழுத்து போய்விட்டிருந்தால் மெடிக்கல் கடை ரசீதைப் பாருங்கள், அல்லது கடையில் உள்ள மருந்தாளுநரைக் கேளுங்கள். ரசீது வாங்கும் பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகவாவது வாங்கத் தொடங்க வேண்டும். செஃபிக்ஸிம், டிரமடால், அல்பிரசோலம் போன்ற எச்1 பட்டியல் (கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய) மருந்துகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2014 முதல் நடைமுறையில் உள்ள விதி சொல்கிறது.

தட்டுகளைப் பிரிக்க ஒரு சிறு நினைவுக் குறிப்பு: அமாக்சிசிலின், அதனோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்தது, டாக்சிசைக்ளின், செஃபலெக்சின், மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் ஆகியவை முதல் தட்டு. அசித்ரோமைசின், செஃபிக்ஸிம், செஃப்போடாக்ஸிம், சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், செஃப்டிரியாக்சோன் ஊசி ஆகியவை எச்சரிக்கைத் தட்டு. லினசோலிட், கொலிஸ்டின் ஆகியவை ஒதுக்கீட்டுத் தட்டு. ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது போன்ற கலவைகளை எந்தத் தட்டிலும் சேர்க்காமல், பரிந்துரைக்கத் தகாதவை என்று உலக சுகாதார நிறுவனம் தனியே வைத்துள்ளது. வயிற்றுப்போக்குக்கு நம் பக்கத்தில் இது சர்வசாதாரணமாக எழுதப்படுவதால் இதற்கெனத் தனிப் பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கணக்கிடுதல்

எடுத்துக்காட்டாக 40 வருகைகளில் மொத்தம் 148 மருந்துகள் எழுதப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். 148-ஐ 40-ஆல் வகுத்தால் வருகைக்கு 3.7 மருந்து. 22 சீட்டுகளில் ஆன்டிபயாடிக் இருந்தால் 55 சதவீதம். 14 வருகைகளில் ஊசி இருந்தால் 35 சதவீதம். ஆன்டிபயாடிக் விகிதத்துக்கும் ஊசி விகிதத்துக்கும் வகுக்கும் எண் வருகைகளின் எண்ணிக்கை. பொதுப்பெயர், அத்தியாவசியப் பட்டியல் ஆகிய விகிதங்களுக்கு வகுக்கும் எண் மருந்துகளின் எண்ணிக்கை. இந்த இரண்டையும் குழப்பிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

தடுப்பூசியை ஊசிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காயத்துக்குப் போடும் டெட்டனஸ் ஊசியும் தடுப்பூசியே. நம் கரையில் மீன்முள், தூண்டில் முள், வலை கட்டும் கம்பி என்று காயம்படுவோர் மிகுதி என்பதால், இந்த ஒரு விதியை மறந்தால் ஊசி விகிதம் பொய்யாக உயர்ந்துவிடும்.

40 வருகைகளில் கிடைத்த 55 சதவீதம் என்பது உண்மையில் ஏறத்தாழ 40-க்கும் 70-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 100 வருகைகள் இருந்தால் அந்த இடைவெளி இருபுறமும் பத்துப் பத்தாகச் சுருங்கும். ஆகவே 26-க்கும் 32-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எவரையும் குறை சொல்லாதீர்கள். 26-க்கும் 70-க்கும் உள்ள வேறுபாட்டைப் பொருட்படுத்துங்கள்.

அத்தியாவசியப் பட்டியலுக்கு 2022 செப்டம்பரில் வெளியான, 384 மருந்துகள் கொண்ட தேசியப் பட்டியலைப் பயன்படுத்தலாம். பொதுப்பெயர் விகிதத்தைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பொதுப்பெயரில், தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்ற நெறி 2016 முதல் உள்ளது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கடுமையாக்கி வெளியிட்ட விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. தனியார் மருத்துவர்களிடம் இந்த விகிதம் தாழ்ந்திருப்பது நாடெங்கும் காணும் நிலை. அரசு மருத்துவமனை மருத்துவரோ தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தரும் பட்டியலிலிருந்தே பெரும்பாலும் எழுதுகிறார். அவரது விகிதம் உயர்ந்திருப்பது அந்த ஏற்பாட்டின் சிறப்பு. அரசு மருத்துவரை அரசு மருத்துவரோடும், தனியாரைத் தனியாரோடும் வைத்துப் பார்ப்பதே முறை.

ஐந்தாம் படி: கடலோரத்துக்கு ஏற்பத் திருத்திப் படித்தல்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி இதுதான். நாட்டுச் சராசரி டெல்லி அடுக்குமாடியில் இருப்பவரையும் பீகார் வயலில் இருப்பவரையும் சேர்த்துக் குழைத்த எண். பாம்பனிலோ மூக்கையூரிலோ மருத்துவர் முன் வந்து அமர்பவர் வேறொருவர்.

கெளுத்தி முள் ஆழக் குத்திய கை, திருக்கை வாலடி பட்ட கால், பாறையிலும் பவளத்திலும் கீறிய கடற்பாசி எடுக்கும் பெண்களின் விரல்கள் ஆகியவற்றோடு வருபவர்களுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவதற்கு நல்ல காரணம் உண்டு. கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் ஆழமான காயத்தில் நுழைந்தால், குறிப்பாகக் கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், ஒரே நாளில் நிலைமை மோசமாகிவிடும். அந்த மருத்துவரின் ஆன்டிபயாடிக் விகிதம் 26.8-ஐத் தாண்டியிருந்தால் அதில் ஒரு பகுதி கடல் தந்தது. காயச் சீட்டுகளைத் தனியே பிரித்துவைத்துவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள்; உண்மை நிலை அப்போது தெரியும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தையும் அதற்கடுத்த குளிர் மாதங்களையும் தனியே வைக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் அந்த மாதங்களில் கூடுகிறது. அதற்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும்தான் மருந்து. ஐந்து நாளாக விடாத காய்ச்சலுக்கு மருத்துவர் அவற்றை எழுதியிருந்தால் அது கவனமான சிகிச்சையாக இருக்கக்கூடும். அதே மருந்தை மூக்கு ஒழுகும் குழந்தைக்கு இரண்டாம் நாளில் எழுதியிருந்தால் கேள்வி கேட்கலாம். மருந்து ஒன்றே, சூழல்தான் தீர்ப்பை மாற்றுகிறது.

ஏர்வாடியை எடுத்துக்கொள்ளுங்கள். தர்காவை நம்பி மனநலம் குன்றியவர்களைப் பல மாநிலங்களிலிருந்தும் அழைத்து வருகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்குள்ள காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட பிறகுதான், மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது; தர்கா வளாகத்தை ஒட்டியே அரசு மனநலச் சிகிச்சையும் வந்தது. அங்கு பணிபுரியும் மருத்துவர் எழுதும் மனநல மருந்துகள் எந்த நாட்டுச் சராசரியையும்விடப் பன்மடங்கு மிகுந்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து அவரைக் குறை சொல்பவர் அங்கு வருவோரைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வேறொரு வகைத் திருத்தமும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றை வாங்கத் தனியார் மருத்துவரிடம் போவது குறையும்போது, அவரிடம் மிஞ்சும் வருகைகளில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் காயமுமே மிகுந்திருக்கும். வருகைகளின் கலவை மாறியதால் மட்டுமே அவரது ஆன்டிபயாடிக் விகிதம் உயர்ந்து தெரியலாம்.

ஊசி விகிதத்துக்கு நாமும் பொறுப்பு. விசைப்படகில் கடலுக்குப் போகும் நாள் நாளை என்றால், இன்றைக்கே காய்ச்சல் இறங்க வேண்டும் என்று மருத்துவரை வற்புறுத்துகிறோம். ஒரு நாள் தொழில் போனால் கடன் ஏறும் என்பது உண்மைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலச் சீட்டுகளையும் மற்ற மாதச் சீட்டுகளையும் தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள். தொழில் இல்லாத நாட்களில் ஊசி குறைகிறதென்றால், அந்த ஊசிகளில் ஒரு பகுதி நம் அவசரத்துக்காகப் போடப்பட்டவை.

திருத்தமே தேவைப்படாத இடமும் ஒன்று உண்டு. ஈரத் துணியோடு நாள் முழுதும் வேலை செய்பவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை வருகிறது. அதற்குப் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு எழுதப்பட்டிருந்தால், அல்லது கடையில் கேட்டு வாங்கப்பட்டிருந்தால், அதற்குக் கடலோரம் காரணமாகாது. ஸ்டீராய்டு அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிட்டுப் பூஞ்சையை உள்ளே பரவவிடுகிறது. பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாத நிலை வருகிறது. இத்தகைய களிம்புகளின் எண்ணிக்கையைத் தவறாமல் குறியுங்கள்.

ஆறாம் படி: ஒரே நோயை ஒப்பிடுதல்

இப்போது சீட்டுகளை நோய் வாரியாக அடுக்குங்கள். மூன்று நோய்கள் போதும்.

சளி, தொண்டைக் கரகரப்பு, மூக்கொழுகல்: பெரும்பாலும் வைரஸால் வருபவை. குறைந்த காய்ச்சலுக்கும் வைரஸ் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2022 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. பத்துச் சளிச் சீட்டில் எத்தனையில் ஆன்டிபயாடிக் இருக்கிறது என்ற ஒரே எண், மற்ற எல்லாச் சராசரிகளையும்விட அதிகம் பேசும்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கு: உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும், துத்தநாக மாத்திரை 14 நாளும் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. இரத்தம் கலந்து போனால் அல்லது காலராவைச் சந்தேகித்தால் ஆன்டிபயாடிக்குக்கு இடமுண்டு. இங்கே இருக்க வேண்டியது இல்லாமற்போவதும் குறையே. பொட்டலமும் துத்தநாகமும் இல்லாமல் சிரப் பாட்டில்கள் மட்டும் உள்ள சீட்டு, மருந்து எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், நல்ல சீட்டாகாது.

இடுப்புவலி, மூட்டுவலி: வலிநிவாரணி எத்தனை நாளுக்கு, நோயாளிக்கு இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உண்டா, அது சீட்டில் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்பவர் மாதக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகம் பழுதாகும். பழைய சீட்டையே காட்டிக் கடையில் மறுபடி மறுபடி வாங்குவது மருத்துவரின் கணக்கில் வராது. தேதியைப் பார்த்து அவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள்.

நாட்டுச் சராசரியைவிட உங்கள் மருத்துவர் சற்று மேலா கீழா என்று மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். முதல் தட்டு 27 சதவீதமாக இருக்கும் நாட்டில் ஒருவர் 30 சதவீதம் எழுதினால் அவர் சராசரியைவிட நன்றாக இருக்கிறார். 70 சதவீத இலக்கிலிருந்து வெகுதொலைவிலும் இருக்கிறார். ஆகவே நோட்டில் மூன்று பத்திகள் வேண்டும்: உங்கள் மருத்துவர், நாட்டுச் சராசரி, வழிகாட்டுதல் சொல்வது.

ஏழாம் படி: மருத்துவரிடம் கேட்டல்

எண்களோடு நேரே போய் நிற்பது நல்ல வழியன்று. கூட்டம் குறைந்த நேரத்தில், உங்களுக்கு எழுதப்பட்ட சீட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். "டாக்டர், போன தடவையும் அப்பாவுக்கு இந்த ஆன்டிபயாடிக்தான் எழுதுனீங்க. இந்தச் சளிக்கு இது கண்டிப்பா வேணுங்களா, ரெண்டு நாள் பார்த்துட்டு ஆரம்பிக்கலாங்களா?" என்று கேட்டால் கோபப்படும் மருத்துவர் குறைவு. "உங்க அப்பாவுக்குச் சுகர் இருக்கும்மா, நெஞ்சுல சத்தம் கேக்குது, அதான் எழுதுனேன்" என்ற பதில் வந்தால், உங்கள் அட்டவணையில் இல்லாத ஒரு செய்தி கிடைத்துவிட்டது. அதை அந்தச் சீட்டுக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். "கேட்டவங்களுக்கெல்லாம் குடுக்கலைன்னா வேற டாக்டர்கிட்டப் போயிடுறாங்க" என்ற பதில் வந்தாலும் அது முக்கியமான செய்திதான். "எனக்கு ஊசி வேண்டாங்க, மாத்திரையே போதும்" என்று நோயாளியே சொன்னால் பல மருத்துவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்கிறார்கள்.

குழுவாகச் சேர்த்த கணக்கை மருத்துவரிடம் காட்டுவதானால், அவரது பெயர் இல்லாமல், தனிமையில், நோய் வாரியான தாளைக் கொடுங்கள். அதை வாட்ஸ்ஆப் குழுவில் பெயரோடு பரப்புவது அவதூறாகக் கருதப்படலாம். அதோடு, இந்த வேலையின் பயனும் அழிந்துவிடும். முப்பது கிலோமீட்டருக்குள் ஒரே மருத்துவர் இருக்கும் ஊரில் அவரைப் பகைத்துக்கொண்டு எவருடைய உடல்நலமும் மேம்படாது.

எட்டாம் படி: சிக்கல் தெரிந்தால் செய்ய வேண்டியவை

ஒரு மருந்தால் தடிப்பு, மூச்சிரைப்பு, முகவீக்கம் போன்ற பக்கவிளைவு வந்திருந்தால் முதலில் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிறகு தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-இல் நோயாளியே தெரிவிக்கலாம். நீண்ட நாள் மருந்துகளைப் பற்றி ஐயம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ எல்லாச் சீட்டுகளையும் எடுத்துச் சென்று இரண்டாம் கருத்துக் கேளுங்கள். உள்நோயாளியாக இருந்திருந்தால், சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களின் 2002-ஆம் ஆண்டு நடத்தை நெறிகள் கூறுகின்றன. தொடர்ச்சியாகத் தீங்கு நேர்வதற்கான ஆதாரம் கையில் இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு முறையிடலாம். பெயரில்லா மாத்திரை, ரசீதில்லா விற்பனை ஆகியவை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பில் வருபவை.

மருந்துச் செலவுதான் கவலை என்றால் சீட்டில் உள்ள பொதுப்பெயரை எடுத்துக்கொண்டு மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ விலையைக் கேட்டுப் பாருங்கள். மாற்று நிறுவனத்தின் மாத்திரையை எடுப்பதற்கு முன் அளவு, மில்லிகிராம், கலவை மூன்றும் ஒன்றா என்று மருந்தாளுநரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மறு கணக்கெடுப்பை அடுத்த ஆண்டு அதே பருவத்தில் செய்யுங்கள். கோடையில் எடுத்ததை மழைக்காலத்தோடு ஒப்பிட்டால் மாறியது மருத்துவரா, நோயா என்று பிரிக்க முடியாது. அதே விதிகள், அதே பத்திகள், முடிந்தால் சீட்டுகளைப் பிரித்துப் பதியும் அதே ஆள் என்று வைத்துக்கொண்டு, சளிச் சீட்டுகளில் ஆன்டிபயாடிக் எத்தனை என்ற கணக்கை முதலில் போடுங்கள். மாற்றம் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.